இரவல் வாக்குகள்: பிரான்ஸின் தேர்தல் முறையும் குடியேற்றக் கொள்கையும்

பிரான்ஸின் மக்களவைத் தேர்தல் இரண்டு சுற்றுகளாக நடக்கிறது. மொத்தம் 577 தொகுதிகள், தொகுதிக்கு ஒருவர். பதிவான செல்லுபடி வாக்குகளில் பாதிக்கு மேலும், பட்டியலிலுள்ள வாக்காளர்களில் கால்வாசிப் பேரின் ஆதரவும் பெற்றவர் முதல் சுற்றிலேயே வென்றுவிடுகிறார். அப்படி யாரும் தேறாத தொகுதியில் ஒரு வாரம் கழித்து இரண்டாம் சுற்று. முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் அதில் நிற்கலாம். அவர்களோடு, பட்டியலிலுள்ள மொத்த வாக்காளர்களில் 12.5% பேரின் வாக்கைப் பெற்ற எவரும் நிற்கலாம். இந்த 12.5% என்பது வாக்களித்தவர்களில் அல்ல, பட்டியலில் உள்ளவர்களில் கணக்கிடப்படுவது. 2022இல் முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் 47.5% மட்டுமே. அதனால் மூன்றாவது ஆள் உள்ளே வர, விழுந்த வாக்குகளில் கால்பங்குக்கு மேல் தேவைப்பட்டது. நாடு முழுவதிலும் மும்முனைப் போட்டிகள் பத்தைக்கூட எட்டவில்லை. 2024 ஜூன் 30 அன்று 66.7% பேர் வாக்களித்தார்கள். விழுந்த வாக்கில் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும் என்றாயிற்று. 306 தொகுதிகளில் மூன்று பேர் தகுதி பெற்றார்கள், ஐந்து தொகுதிகளில் நான்கு பேர்.

மூன்றாம் இடத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. அவர் நின்றால் வாக்குகள் பிரியும், விலகினால் சேரும். ஜூலை 2, செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குள் வேட்பாளர்கள் முடிவைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். அவர்களில் சுமார் 130 பேர் இடதுசாரிக் கூட்டணியான புதிய மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள், சுமார் 80 பேர் அதிபர் எமானுவல் மக்ரோனின் அணியினர். விலகியதற்கான காரணம் ஒன்றுதான்: மரின் லெ பென்னின் தேசிய அணி ஆட்சிக்கு வரக்கூடாது. முதல் சுற்றில் அக்கட்சியும் அதன் தோழமையினரும் மூன்றிலொரு பங்கு வாக்கைப் பெற்று, கிட்டத்தட்ட 300 தொகுதிகளில் முதலிடத்தில் இருந்தார்கள். அறுதிப் பெரும்பான்மைக்கு 289 இடங்கள் வேண்டும். ஜூலை 7 இரவு எண்ணி முடித்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை 143. ஒரு கோடிக்கும் மேலான வாக்குகளைப் பெற்று வாக்கு எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த அணி, இடங்களின் எண்ணிக்கையில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

பிரெஞ்சு அரசியலில் இதற்குக் குடியரசு முன்னணி என்று பெயர். கட்சி வேறுபாடுகளை ஒருநாள் ஒதுக்கி வைத்து, தீவிர வலதுசாரி வேட்பாளருக்கு எதிராக யார் நிற்கிறாரோ அவருக்கு வாக்களிப்பது அதன் வழக்கம். வாக்களிக்கும் காட்சியும் இதற்கு ஏற்றதாக இருக்கிறது. பிரெஞ்சு வாக்குச்சாவடியில் எல்லாச் சின்னங்களும் அச்சிட்ட ஒரே சீட்டு கிடையாது. நுழைந்ததும் ஒரு மேசை, அதில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாக ஒரு சீட்டுக் கட்டு. வாக்காளர் ஓர் உறையையும் சில சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போகிறார். ஒன்றை உறையில் வைக்கிறார், மற்றவற்றைக் கசக்கிக் கூடையில் போடுகிறார். வெளியே வந்து கண்ணாடி போன்ற பெட்டிக்குள் உறையைப் போட்டதும் அலுவலர் "வாக்களித்தாயிற்று" என்று உரக்கச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் எதிர்த்து வந்த கட்சியின் சீட்டைத் தன் கையாலேயே உறையில் வைப்பது பல லட்சம் பேருக்கு உண்மையான மனவேதனை.

2024இல் அந்த வேதனை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு இரண்டு தொகுதிகள் போதும். நார்மண்டியின் கால்வடோஸ் மாவட்டத்தில் முன்னாள் பிரதமர் எலிசபெத் போர்ன் தேசிய அணி வேட்பாளருக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் இருந்தார். மூன்றாம் இடத்திலிருந்த, 'அடிபணியாத பிரான்ஸ்' கட்சியின் இடதுசாரி வேட்பாளர் அவருக்காக விலகினார். வடக்கே, பெல்ஜியம் எல்லையை ஒட்டிய தொகுதியில் உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மனனுக்கும் இதே கட்சியின் வேட்பாளர் வழிவிட்டார். இருவரும் வென்றார்கள். இவர்களில் ஒருவர் ஏழு மாதங்களுக்கு முன் ஒரு கடுமையான குடியேற்றச் சட்டத்தை அவையில் நிறைவேற்றிய பிரதமர், மற்றவர் அதைக் கொண்டுவந்த அமைச்சர். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களின் வாக்கே அவர்களைக் காப்பாற்றியது. மறுபக்கத்திலும் இது நடந்தது. சோம் மாவட்டத்தில் இடதுசாரித் தலைவர் பிரான்சுவா ரூஃபன் வெல்ல, மக்ரோன் அணியின் பெண் வேட்பாளர் விலகிக்கொண்டார்.

ஆக, அந்த வாக்குகள் கைமாற்று. தமிழ்நாட்டில் கைமாற்றாக வாங்கும் பணத்துக்குப் பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. ஆனால் வாங்கியவர் அதைத் தன் சொந்த வருமானமாக எழுதிக்கொள்வதில்லை. பிரான்ஸின் கடந்த நாற்பதாண்டுக் குடியேற்ற அரசியலில் நடந்த மிகப் பெரிய தவறு, இப்படி வாங்கிய வாக்குகளை வென்றவர்கள் தங்கள் வருமானத்தில் சேர்த்துக்கொண்டதுதான்.

இந்தக் கதையின் தொடக்கம் தேர்தலில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளும் கட்டுமானப் பணிகளும் போர்ச்சுகல், ஸ்பெயின், அல்ஜீரியா, மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து ஆட்களை அழைத்து வந்தன. எண்ணெய் விலை ஏறி வேலையின்மை பெருகியதும், 1974 ஜூலையில் வேலைக்கான குடியேற்றம் நிறுத்தப்பட்டது. வந்தவர்கள் திரும்பிப் போவார்கள் என்பதே அரசின் எண்ணம். 1977இல், ஊர் திரும்ப ஒப்புக்கொள்பவருக்கு 10,000 பிராங்க் தருவதாகக்கூட அறிவித்தார்கள். நடந்தது நேர்மாறு. வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது என்று ஆனபின், தனியாக வந்த தொழிலாளர்கள் இங்கேயே தங்கி மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு வாழ்வது வெளிநாட்டவருக்கும் உள்ள உரிமை என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1978 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கதவை மூடியதுதான் தற்காலிகத் தொழிலாளரை நிரந்தரக் குடும்பமாக்கியது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தப் புறப்படும் ஒவ்வொரு அரசும் இந்த ஒரு பாடத்தையாவது படிக்க வேண்டும்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில்தான் த்ரூ என்ற ஊர் செய்தியில் அடிபட்டது. பாரிஸுக்கு மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிறு தொழில் நகரம் அது. தொழிற்சாலை வேலைக்கென வந்த வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நகருக்கு மேலே மேட்டில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தன. 1983 மார்ச்சில் நடந்த நகராட்சித் தேர்தலில் சோஷலிஸ்ட் மேயர் பிரான்சுவாஸ் கஸ்பார் மயிரிழையில் வென்றார். அது செல்லாது என்று ஆனதால் செப்டம்பரில் மறுதேர்தல் வந்தது. மரின் லெ பென்னின் தந்தை ழான்-மரி லெ பென் நிறுவிய தேசிய முன்னணி (இன்றைய தேசிய அணியின் பழைய பெயர்) அதுவரை நாட்டளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே கிடந்த கட்சி. த்ரூவில் அதன் பட்டியலுக்கு முதல் சுற்றில் 16.7% விழுந்தது. இரண்டாம் சுற்றுக்கு முன் மிதவாத வலதுசாரிக் கட்சிகள் அந்தப் பட்டியலைத் தங்களுடையதோடு இணைத்துக்கொண்டு நகராட்சியைப் பிடித்தன. தான் த்ரூவில் வாக்காளராக இருந்தால் வாக்களிக்கவே போகமாட்டேன் என்று வலதுசாரி அணியைச் சேர்ந்த சிமோன் வெய் சொன்னார். அவர் அணியில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், குடியேறியவர்களின் பிள்ளைகள் மார்செய்யிலிருந்து நடந்து பாரிஸ் வந்து சேர்ந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டு எல்லாக் கட்சிகளும் ஒருமனதாகப் பத்தாண்டு வதிவிட அட்டைக்குச் சட்டம் இயற்றின. ஒரே காலத்தில் இரண்டு பாதைகளும் திறந்திருந்தன.

பிறகு தேர்தல் முறையே விளையாட்டுப் பொருளானது. 1986 மக்களவைத் தேர்தலுக்கு அதிபர் பிரான்சுவா மித்தரான் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார். தேசிய முன்னணி 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு 35 இடங்களைப் பெற்றது. இரண்டு ஆண்டுகளில் பழைய இரட்டைச் சுற்று முறை திரும்பியது. 1988இல் கிட்டத்தட்ட அதே வாக்கு விகிதத்துக்கு அக்கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். தீவிரக் கட்சியைத் தடுக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை என்று மற்றக் கட்சிகள் நம்பத் தொடங்கின. அவைக்கு வராமல் தடுப்பது வேறு, அந்த வாக்காளர்களின் மனக்குறைக்கு விடை சொல்வது வேறு. முதலாவது சுலபமாகக் கிடைத்ததால் இரண்டாவது தள்ளிப்போடப்பட்டது.

1989இன் இலையுதிர்காலம் இதை அம்பலப்படுத்தியது. கிரெய் என்ற ஊரில் மூன்று மாணவிகள் முக்காட்டைக் கழற்ற மறுத்ததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நாடே அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், டிசம்பர் 3 அன்று த்ரூ தொகுதியில் மக்களவை இடைத்தேர்தலின் இரண்டாம் சுற்று வந்தது. இடதுசாரிகள் முதல் சுற்றிலேயே வெளியேறி, மிதவாத வலதுசாரிக்கு வாக்களிக்கக் கேட்டுக்கொண்டார்கள். தேசிய முன்னணியின் மரி-பிரான்ஸ் ஸ்திர்புவா 61.3% பெற்று வென்றார். தடுப்பு வாக்கு தானாக நடந்துவிடாது, கட்சி சொன்னதற்காக வாக்காளர் வரிசையில் நின்றுவிடமாட்டார் என்பதற்கு இதுவே முதல் பெரிய சான்று. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 19 அன்று, பிரதமர் மிஷேல் ரொக்கார் ஒருங்கிணைப்புக்கான உயர் மன்றத்தை அமைத்தார். ஒருங்கிணைப்பு என்பதை அரசின் முறையான பணியாக ஆக்கிய அந்த அமைப்பு, ஒரு தேர்தல் அதிர்ச்சியின் சூட்டிலேயே உருவானது. அந்தச் சூடு பிறகு ஒருபோதும் தணியவில்லை.

பிரெஞ்சு ஒருங்கிணைப்பின் அடிப்படை ஏற்பாடு எளிமையானது. அரசுக்குக் குடிமகன் உண்டு, இனமோ மதமோ கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படுவதில்லை. குடியேறியவர் என்றால் வெளிநாட்டவராக வெளிநாட்டில் பிறந்து பிரான்ஸில் வாழ்பவர். அந்த வரையறையின்படி 2023இல் அவர்கள் 73 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10.7%. அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டவர். வெளிநாட்டுப் பெற்றோருக்கு பிரான்ஸில் பிறந்த பிள்ளை, உரிய காலம் இங்கே வாழ்ந்திருந்தால், 18 வயதில் பிரெஞ்சுக் குடிமகனாகிறது. புதிதாக வருபவர் 2007 முதல் அரசோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 2016இலிருந்து அதன் பெயர் குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம். நான்கு நாள் குடிமைப் பயிற்சியும், மொழித் தேர்வில் பின்தங்கியவருக்கு நூற்றுக்கணக்கான மணி நேர பிரெஞ்சு வகுப்பும் அதில் அடங்கும். நெதர்லாந்து 1998இல் தொடங்கிவைத்த வழி இது. ஐரோப்பாவில் பல நாடுகள் அதைப் பின்பற்றின.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் பலர். ஆனால் மொழி கற்பிப்பதைப் போல் பயன் தரும் அரசுச் செலவு வேறில்லை. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர், முதலாளியின் ஏச்சைத் தவிர வேறு பிரெஞ்சு கேட்காமல் பதினைந்து ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்று அவரால் படிக்க முடியாது. பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தைப் பிள்ளையே படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் 1980கள் முதல் வந்து குடியமர்ந்த ஈழத்தமிழர்களில் முதல் தலைமுறையினர் பலருடைய வாழ்க்கை இது. அகதிகளுக்கான அரசு அலுவலகமான ஒஃப்ராவில் விண்ணப்பம், அது ஏற்கப்பட்டால் பத்து வருட கார்ட் எனும் வதிவிட அட்டை, நாளெல்லாம் கிச்சன் வேலை. மொழி வகுப்புக்கு நேரம் இருந்ததில்லை, அன்று அரசும் கட்டாயப்படுத்தவில்லை. வேலை நேரத்துக்கு ஒத்துவரும் வகுப்பை முன்பே தந்திருந்தால் அவர்கள் இழந்தது பாதியாகக் குறைந்திருக்கும்.

இனி தேர்தலுக்கு. 2002 ஏப்ரல் 21 அன்று அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் 16 பேர் நின்றார்கள். அதிபர் தேர்தலில் 12.5% கணக்கு இல்லை, முதல் இருவர் மட்டுமே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். இடதுசாரி வாக்குகள் பல பேரிடம் சிதறின. ழாக் ஷிராக் 19.9%, ழான்-மரி லெ பென் 16.9%, பிரதமர் லியொனெல் ழோஸ்பன் 16.2%. இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளில் ழோஸ்பன் வெளியேறினார். மே 5 அன்று இடதுசாரிகள் திரண்டு போய் ஷிராக்குக்கு வாக்களித்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு அந்தச் சீட்டைத் தொடுவோம் என்ற பேச்சுகூட எழுந்தது. ஷிராக் 82.2% பெற்றார். தன் சொந்த வாக்கைப்போல் நான்கு மடங்கு வாங்கியவர், இடதுசாரிகளுக்கு இடமளிக்கும் அரசை அமைக்கவில்லை. தன் அணியின் அரசையே அமைத்தார். கைமாற்று முதல்முறையாகத் திருப்பித் தரப்படாமல் போனது அங்கேதான்.

அடுத்தடுத்த கணக்குகள் தாமாகப் பேசுகின்றன. லெ பென் குடும்பத்துக்கு இரண்டாம் சுற்றில் 2002இல் 17.8%, 2017இல் 33.9%, 2022இல் 41.5%. 2017இன் இரண்டாம் சுற்றில் சுமார் 40 லட்சம் பேர் வாக்குச்சாவடி வரை வந்து, வெற்றுச் சீட்டையோ செல்லாத சீட்டையோ போட்டுவிட்டுப் போனார்கள். இரவல் கொடுத்து அலுத்தவர்களின் எண்ணிக்கை அது. 2022 ஏப்ரலில் வெற்றி பெற்ற இரவில் ஐஃபெல் கோபுரத்தின் அடியில் பேசிய மக்ரோன், பலர் தன் கொள்கைக்காக அல்ல, தீவிர வலதுசாரிகளைத் தடுக்கவே வாக்களித்தார்கள் என்பதை அறிவேன் என்றும், வரும் ஆண்டுகளில் அந்த வாக்குக்குத் தான் கடமைப்பட்டவன் என்றும் சொன்னார். அதுவரை வென்றவர் எவரும் இவ்வளவு தெளிவாகக் கடனை ஒப்புக்கொண்டதில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு ஆழமாகச் சுட்டது.

தர்மனனின் குடியேற்ற மசோதா முதலில் இரண்டு கை கொண்டதாக வந்தது. குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடு கடத்துவதை எளிதாக்குவது ஒரு கை. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களில் ஆவணமின்றி உழைப்பவர்களுக்கு உரிமையாக அனுமதி அட்டை கொடுப்பது மறு கை. மக்ரோன் அணிக்கு அவையில் பெரும்பான்மை இல்லை. 2023 டிசம்பர் 11 அன்று, விவாதம் தொடங்கும் முன்பே மசோதாவைத் தள்ளிவிடும் தீர்மானம் 270க்கு 265 என்று நிறைவேறியது. இடதுசாரிகளும் வலதுசாரிகளும் தேசிய அணியும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒன்றுசேர்ந்து வாக்களித்தார்கள். அங்கேயே மசோதாவைக் கைவிட்டிருக்கலாம். அரசு இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்குப் போய், மேலவையின் வலதுசாரிகள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. வாடகை உதவியும் பிள்ளைகளுக்கான உதவியும் பெற வெளிநாட்டவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், வெளிநாட்டு மாணவர் வைப்புத்தொகை கட்ட வேண்டும், ஆண்டுதோறும் குடியேற்ற ஒதுக்கீடு நிர்ணயிக்கப்படும் என்றெல்லாம் அது மாறியது. ஆவணமற்ற தொழிலாளருக்கான அட்டை உரிமை என்ற நிலையிலிருந்து பிரெஃபெக்சர் எனும் மாவட்ட அரசு அலுவலகத்தின் அதிகாரி மனம்வைத்தால் தருவது என்ற நிலைக்கு இறங்கியது: மூன்று ஆண்டு வசிப்பு, இரண்டு ஆண்டில் பன்னிரண்டு சம்பளச் சீட்டு, அதன் பிறகும் அதிகாரியின் விருப்பம்.

டிசம்பர் 19 அன்று 349க்கு 186 என்று மசோதா நிறைவேறியது. தேசிய அணியின் 88 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். இது தங்கள் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று மரின் லெ பென் அறிவித்தார். ஆளும் அணியில் ஏறத்தாழ 60 பேர் எதிர்த்தோ நடுநிலை வகித்தோ விலகி நின்றார்கள். சுகாதார அமைச்சர் ஒரேலியான் ரூசோ பதவி விலகினார். லெ பென்னைத் தடுக்கவென்று வாங்கிய வாக்குகளால் ஆட்சியில் இருந்தவர்கள், லெ பென் கைதட்டிய சட்டத்தை நாட்டுக்குத் தந்தார்கள்.

2024 ஜனவரி 25 அன்று அரசியலமைப்பு மன்றம் 86 பிரிவுகளில் 35ஐ முழுமையாகவோ பகுதியாகவோ நீக்கியது. இதைப் பலர் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நீக்கியவற்றில் 32 பிரிவுகள் நீக்கப்பட்டது அநீதி என்பதற்காக அல்ல, மூல மசோதாவோடு தொடர்பில்லாத செருகல்கள் என்ற நடைமுறைக் காரணத்துக்காக. அப்படி நீக்கியது வேறொரு மசோதாவில் திரும்பி வரலாம். எஞ்சி நின்றவையும் சிறியவை அல்ல. ஐரோப்பிய மொழித் தரவரிசையில் பல ஆண்டு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித் தகுதி உயர்த்தப்பட்டது. 2026 தொடக்கத்திலிருந்து இது நடைமுறைக்கு வந்தது, கூடவே ஒரு குடிமைத் தேர்வும். பி2 என்பது பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வெளிநாட்டு மாணவரிடம் எதிர்பார்க்கும் தரம். அதைக் கட்டட வேலை செய்பவரிடமும் முதியோரைக் குளிப்பாட்டும் பணிப்பெண்ணிடமும் கேட்பது ஒருங்கிணைப்பு அல்ல, வடிகட்டல். மொழியைக் கற்பிக்கும் அரசு வேறு, மொழியைக் கதவுத் தாழ்ப்பாளாக்கும் அரசு வேறு.

2024 ஜூலையில் மீண்டும் இரவல் கேட்கப்பட்டது, மீண்டும் மக்கள் கொடுத்தார்கள். இம்முறை ஏமாற்றம் இன்னும் விரைவாக வந்தது. அவையில் முதலிடம் பெற்ற இடதுசாரிக் கூட்டணியை மக்ரோன் அழைக்கவில்லை. செப்டம்பரில் மிஷேல் பார்னியேவைப் பிரதமராக்கினார். அவருடைய குடியரசுக் கட்சிக்கு இருந்தது ஐம்பதுக்கும் குறைவான இடங்கள். தேசிய அணி உடனே கவிழ்க்காது என்ற எதிர்பார்ப்பிலேயே அந்த அரசு நின்றது. உள்துறையை ஏற்ற ப்ரூனோ ரத்தய்யோ, ஆவணமற்றவர்களை முறைப்படுத்த 2012 முதல் இருந்த சுற்றறிக்கையை 2025 ஜனவரியில் மாற்றினார். பொதுவாக ஐந்தாண்டு வசிப்பு கேட்ட இடத்தில் ஏழாண்டு என்றானது. பார்னியே அரசோ அதற்குள், 2024 டிசம்பர் 4 அன்று, இடதுசாரிகளும் தேசிய அணியும் சேர்ந்து வாக்களித்ததில் கவிழ்ந்திருந்தது.

தடுப்பு வாக்குக்கு விலை கொடுப்பது வாக்காளர் மட்டுமல்ல, சில வேளை கட்சியே கொடுக்கிறது. 2015 டிசம்பர் மாநிலத் தேர்தலில் வடக்கிலும் தெற்கே புரோவான்ஸிலும் லெ பென் குடும்பத்தின் இரு பெண் வேட்பாளர்கள் முதல் சுற்றில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினார்கள். மூன்றாம் இடத்திலிருந்த சோஷலிஸ்ட் பட்டியல்கள் விலகின, வலதுசாரிகள் வென்றார்கள். அதன் பிறகு சுமார் ஐந்தரை ஆண்டுகள் அந்த இரு மாநில அவைகளிலும் இடதுசாரி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. உள்ளூர்த் தொழிற்பயிற்சி, பேருந்து, உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் என்று குடியேறியவர்களின் அன்றாடத்தைத் தொடும் பணம் பிரிக்கப்பட்ட மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. விலகியவர்கள் செய்தது தியாகம் என்பதில் ஐயமில்லை. அந்தத் தியாகத்துக்கு ஈடாக எந்த எழுத்துபூர்வ உறுதியும் கேட்கப்படாததே கோளாறு.

மற்ற நாடுகளில் கருவி வேறு, போக்கு இதுதான். பிரிட்டனில் ஒரே சுற்று என்பதால் வாக்காளரே முன்கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்கிறார். 2024இல் பல தொகுதிகளில் தொழிற்கட்சி ஆதரவாளர்களும் லிபரல் ஜனநாயகக் கட்சியினரும் கன்சர்வேட்டிவ் வேட்பாளரை வீழ்த்தத் தங்களுக்குள் வாக்கை மாற்றிப் போட்டார்கள். தொழிற்கட்சி 33.7% வாக்கில் 400க்கு மேல் இடங்களைப் பிடித்தது, 14.3% பெற்ற ரிஃபார்ம் கட்சிக்கு ஐந்தே இடம். அடுத்த ஆண்டு மே மாதமே நிரந்தர வதிவுரிமைக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்தாண்டாக்கும் திட்டத்தைப் பிரதமர் கியர் ஸ்டார்மரின் அரசு வெளியிட்டது. நெதர்லாந்தில் முழு விகிதாசார முறை என்பதால், 150 இடங்களில் 37 பெற்ற கீர்ட் வில்டர்ஸின் கட்சியை 2023க்குப் பிறகு ஆட்சிக்கு வெளியே நிறுத்த முடியவில்லை. ஆனால் புகலிடக் கொள்கைச் சண்டையில் அக்கட்சியே 2025 ஜூனில் வெளியேறிக் கூட்டணியைக் கவிழ்த்தது. பொறுப்பைச் சுமக்க வைத்தபோது அதன் இயலாமை வெளிப்பட்டது. பிரான்ஸில் விகிதாசார முறையைக் கோருபவர்களின் வலுவான வாதம் இது. எதிர்ப்பவர்களின் பதிலும் வலுவானதே: பிரெஞ்சு அதிபருக்குள்ள அதிகாரம் நெதர்லாந்துப் பிரதமருக்குக் கிடையாது, இங்கே பரிசோதனைக்கு விலை அதிகம். நியாயமான வழி, முறையை மாற்றும்வரை இரவலுக்கு நிபந்தனை வைப்பதுதான். விலகும் வேட்பாளர், எதிரணியிடமிருந்து இரண்டு மூன்று உறுதிகளைப் பகிரங்கமாகக் கேட்டுப் பெறலாம். வதிவிட அட்டையைப் புதுப்பிக்க ஆகும் காலத்துக்கு வரம்பு, மொழி வகுப்புக்கு நிதி, வெளிநாட்டவரின் உதவித்தொகையில் கைவைக்காமை என்று அவை எளியனவாகவே இருக்கலாம்.

ஏனென்றால் இந்தச் சட்டங்களின் பளுவைச் சுமப்பவர்களுக்குச் சொந்த வாக்கு இல்லை. புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் புதுச்சேரியிலிருந்தே பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். லா ஷப்பலில் முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்தி வரி கட்டும், பத்து வருட கார்ட் மட்டுமே வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் தன் வட்டார மேயரைத் தேர்ந்தெடுக்கக்கூட வாக்களிக்க முடியாது. அடுத்த கடையின் போர்ச்சுகீசியரால் முடியும், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 2001 முதல் நகராட்சித் தேர்தலில் அந்த உரிமை உண்டு. மற்ற வெளிநாட்டவருக்கும் ஐந்தாண்டு வசிப்புக்குப் பின் அதைத் தருவதாக மித்தரான் 1981இல் வாக்களித்தார். 2000 மே மாதம் மக்களவை அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றது. 2011 டிசம்பரில் மேலவையும் ஏற்றது. பிரான்சுவா ஒல்லாந்து 2012இல் அதை மீண்டும் வாக்குறுதியாக்கி, பிறகு கைவிட்டார். திருத்தம் நிறைவேற வேண்டுமானால் இரு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்ற பின், கூட்டு அமர்வில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோ மக்கள் வாக்கெடுப்பின் ஒப்புதலோ வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு அதை எந்த அரசும் கொண்டுபோனதில்லை.